கப்பலில் நான்கு இரவுகள்

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நின்று கடலைப் பற்றிப் பாடஞ் சொன்னவன் நான். நெய்தல் நிலத்தின் இயல்பை விரித்துரைப்பேன். வங்கம், நாவாய், திமில், அம்பி, பஃறி, ஓடம், தோணி எனக் கலத்தைக் குறிக்கும் சொற்களை ஒரே மூச்சில் அடுக்குவேன். மாணவர்களும் தலையசைத்து எழுதிக்கொள்வார்கள். ஆனால், அவற்றுள் ஒன்றிலேனும் ஏறிக் கடலுள் ஒரு நாழிகை சென்றவன் அல்லேன். கும்பகோணத்தில் காவிரியை ஓடத்தில் கடந்ததே என் நீர்ச்செலவின் எல்லை. எனவே, சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஒன்று செல்லவிருக்கிறது என்றும், குடும்பத்தோடு அதிற் சென்று வரலாம் என்றும் என் மகன் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொன்னபோது, என் மனம் சிறுவன் மனம்போல் துள்ளியது.

அன்று மாலையே வீட்டில் ஓர் அவை கூடிற்று. மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லவிருந்த பேத்தி, அவள் தம்பி, நான், என் மனைவி ஆகிய அறுவரும் கூடத்தில் அமர்ந்தோம். பேத்தி ஒரு குறிப்பேட்டை விரித்து, செல்வோர் பெயர்களை எழுதத் தொடங்கினாள். முதற் பெயராக அவள் எழுதியது என் மனைவியின் பெயர். "அப்பாயி முதலில்" என்று சொல்லி அவள் சிரித்தாள். என் மனைவி அந்தக் குறிப்பேட்டைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "பிள்ளைகள் போவது உறுதியா?" என்று மகனிடம் கேட்டாள். "உறுதிதான் அம்மா" என்றான் அவன். "அப்படியானால் நானும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் சென்றுவிட்டாள். அந்த விடையின் பொருளை நான் அப்போது உணரவில்லை.

பயணத்திற்கு முன்னேற்பாடு செய்வது பயணத்தினும் நீண்ட வேலை. வேற்று நாட்டுத் துறையில் இறங்க வேண்டுமாதலின் அனைவர்க்கும் கடவுச்சீட்டு வேண்டும். எங்கள் இருவர்க்கும் அஃது இல்லை. என் மனைவியின் பிறந்தநாளை மெய்ப்பிக்கப் பழைய பள்ளிச் சான்றிதழ் ஒன்றைத் தேடி மூன்று பெட்டிகளைக் கவிழ்த்தோம். மகன் கட்டண விவரங்களைத் தாளில் எழுதிக் காட்டினான். அறையும் உணவும் கட்டணத்துள் அடங்கும். துறைகளில் இறங்கி ஊர் சுற்றும் செலவு, சிறப்புப் பானங்கள், இணையத் தொடர்பு முதலியன தனி. 'அடங்கும்' என்னும் ஒரு சொல்லை நம்பிப் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வருபவர் இடர்ப்படுவர் என்பதை அந்தத் தாளே எனக்கு உணர்த்திற்று.

அடுத்து எழுந்தது அறை பற்றிய ஆராய்ச்சி. கடலைப் பார்த்த சன்னல் உள்ள அறைகள் சில; கப்பலின் உட்புறத்தே சன்னல் இல்லாத அறைகள் சில. பின்னவற்றிற்குக் கட்டணம் குறைவு. சன்னல் உள்ள அறையையே எங்களுக்கும் எடுக்க மகன் விரும்பினான். என் மனைவியோ, "எங்களுக்குச் சன்னல் இல்லாத அறையே போதும்" என்று அழுத்தமாகச் சொன்னாள். அவளுடைய சிக்கனத்தை நான் மெச்சினேன். கப்பல் முன்னும் பின்னும் மிகுதியாகவும் நடுவிற் குறைவாகவும் ஆடும். மேல்தளங்களைவிடக் கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஆதலின், கீழ்த்தளம் ஒன்றில் கப்பலின் நடுப்பகுதியில் அமைந்த அறையைத் தெரிந்தெடுத்து, அஃது என் அறிவுக்கூர்மையின் பயன் என்று அனைவரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அவ்வாண்டு வெயிலின் கடுமையால் பள்ளி திறக்கும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. அதுவும் எங்களுக்கு வாய்ப்பாயிற்று. சூன் திங்களில் ஒரு நாள் சென்னைத் துறைமுகத்தை அடைந்தோம். 210 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல், பதினொரு தளங்களோடு தெரு ஒன்றை நிமிர்த்தி வைத்தாற்போல் நின்றது. 1990-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது அது. கப்பல்கள் அணைந்து நிற்கும் அத்துறையும் இயற்கையாக அமைந்ததன்று. முற்காலத்தில் இங்கே துறைமுகமே இல்லை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் பண்டத்தையும் மசூலாப் படகுகளில் அலைகளினூடே கரைக்குக் கொணர்ந்தார்கள். ஆணி அடியாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த படகுகள் அவை. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும். பின்னர்க் கற்சுவர்கள் எழுப்பித் துறைமுகம் அமைத்தனர். 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். இவற்றையெல்லாம் வரிசையில் நின்றவாறே நான் பேரனுக்குச் சொன்னேன். அவன் கண்கள் கப்பலின் மேல்தளத்து நீச்சற்குளத்தைத் தேடிக்கொண்டிருந்தன.

கப்பல் புறப்படும் முன் பயணிகள் அனைவர்க்கும் ஒரு பயிற்சி உண்டு. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நெடிய ஒலியும் சங்கிலிருந்து எழுமானால், அனைவரும் தத்தமக்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும். உயிர்காப்புச் சட்டையை அணியவேண்டும். 1912-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேர்க்கே இடம் இருந்தது. ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் 1914-ஆம் ஆண்டில் இலண்டனில் நாடுகள் கூடிக் கடற்பயணத்தின் பாதுகாப்பிற்கு விதிகள் வகுத்தன. எங்களைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துப் பேசிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஒருத்தியே ஒரு சொல்லையும் தவற விடாமல் கேட்டாள். குழந்தைகளுக்குரிய சட்டைகள் எங்கே உள்ளன என்று பணியாளரை வினவினாள். பேரனுடைய சட்டையின் வாரை இருமுறை இழுத்துப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த ஊதலை அவனை ஊதச் செய்தாள். 'இவளுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும்' என்று எண்ணிக்கொண்டேன். பண்டிதனுக்குச் சொல்லின் பொருள் தெரியும். மனைவியின் முகம் அவன் படிக்கும் நூல்களுள் ஒன்றன்று போலும்!

மாலையில் இழுவைப் படகுகள் துணைவரக் கப்பல் துறையை விட்டு நீங்கிற்று. துறைமுகத்தின் வழிகாட்டி ஒருவர் கப்பலை வெளியே கொண்டுவந்து விட்டு, ஓடிக்கொண்டிருந்த கப்பலினின்றே கயிற்றேணி வழியாகச் சிறு படகில் இறங்கிச் சென்ற காட்சி பேரனை வாய்பிளக்கச் செய்தது. கப்பலின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரிந்தன. எதிரே வரும் கப்பலோட்டி அவற்றைக் கண்டே இக்கப்பல் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை அறிவான். மேற்கே வெள்ளி ஒளிர்ந்தது. என் வேட்டி கப்பற்கொடிக்குப் போட்டியாகப் படபடத்தது. அதை இரு கையாலும் பற்றிக்கொண்டே நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவியைத் தேடினேன். அவள் மேலே வரவில்லை. தலைவலி என்று மருமகள் சொன்னாள்.

மறுநாள் முழுவதும் நீர், நீரன்றி வேறில்லை. கப்பலின் வேகத்தை 'நாட்' என்னும் அளவால் சொல்கிறார்கள். மணிக்கு ஒரு கடல்மைல் செல்வது ஒரு நாட்; ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். பண்டை மாலுமிகள் முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவுகின்றன என்று எண்ணி வேகத்தைக் கணித்தார்கள். அதனால் வந்த பெயர் அது. 'மாலுமி' என்னும் சொல்லும் பழந்தமிழ்ச் சொல்லன்று. 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. அரபு மொழியில் அதன் பொருள் ஆசிரியன் என்பது. கப்பலோட்டியும் நானும் ஒரே பெயருக்கு உரியவர்கள் என்று உணவு மேசையில் நான் பெருமைப்பட்டேன். அன்று நண்பகலில் நான்கு இட்டிலிகளை இதனால் மிகுதியாக உண்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பெருமை நள்ளிரவு வரையிலும் நிற்கவில்லை. சூன் திங்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். இலங்கைத் தீவின் கிழக்குக் கரையோரமாகச் செல்லும் வரையில் தீவே காற்றைத் தடுத்து நிற்கும், கடலும் அடங்கியிருக்கும். தீவின் தென்கிழக்கு முனையைச் சுற்றும்போது அந்தக் காப்பு நீங்கிவிடும். கப்பல் ஆடத் தொடங்கிற்று. என் கட்டிலும் அறையும் வயிறும் மூன்று வேறு திசைகளில் அசைந்தன. நடுப்பகுதி அறை, கீழ்த்தளம் என்ற என் ஆராய்ச்சியெல்லாம் காற்றில் பறந்தது. இரவு முழுதும் என் மனைவி உறங்காமல் என் நெற்றியைத் துடைத்தாள். இஞ்சியைச் சுவைக்கக் கொடுத்தாள்.

விடியற்காலையில் கப்பலின் மருத்துவர் வந்தார். "இந்த அறையில் சன்னல் இல்லை. உடல் அசைவதைக் காது உணர்கிறது. கண்ணோ சுவர் அசையவில்லை என்று சொல்கிறது. இரண்டிற்கும் நேர்ந்த முரண்பாடே இந்நோய். இவரை மேல்தளத்திற்கு அழைத்துச் சென்று, தொடுவானத்தைப் பார்க்கச் செய்யுங்கள்" என்றார். மகன் குடும்பத்தார் வேறொரு தளத்தில் உறங்கிக்கொண்டிருந்தனர். நானோ சுவரைப் பற்றாமல் நிற்க இயலாதவனாய் இருந்தேன். என் மனைவி கதவின் அருகே சிறிது நேரம் தயங்கி நின்றாள். பிறகு என் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மேல்தளத்தில் காற்று முகத்தில் அறைந்தது. கம்பியைப் பற்றிக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தேன். சிறிது சிறிதாக என் வயிறு அமைதியுற்றது. அப்போதுதான் என் கையைப் பற்றியிருந்த கை நடுங்குவதை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு ஆண்டு ஆயிற்று" என்றாள்.

அந்த ஒரு தொடரில் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அவளுடைய தங்கை நாகப்பட்டினத்தை அடுத்த கடற்கரையூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கக் கரைக்குச் சென்றவள் திரும்பவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் அன்று மாண்டனர். அதன்பின் என் மனைவி கடற்கரைப் பக்கம் சென்றதேயில்லை. சென்னைக்கு வரும்போதெல்லாம் பேரக்குழந்தைகள் மெரினாவிற்கு அழைப்பார்கள். அவளுக்குத் தலைவலி வந்துவிடும். தலைவலியைத் தலைவலி என்றே நான் நம்பியிருந்தேன். சன்னல் இல்லாத அறையைச் சிக்கனம் என்று மெச்சியவனும் நானே.

"பின் ஏன் வர ஒப்புக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"பிள்ளைகள் தண்ணீரில் போகும்போது நான் கும்பகோணத்தில் உட்கார்ந்திருப்பதா? அன்றைக்கும் நான் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

அம்பாந்தோட்டையில் கப்பல் அணைந்தது. மற்றவர்கள் ஊர் பார்க்கச் சென்றார்கள். நாங்கள் இருவரும் மேல்தளத்து நிழலிலேயே அமர்ந்திருந்தோம். நான் வெறுஞ்சோறும் மோரும் உண்டேன். அவ்வூரைப் பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை.

அன்று மாலை கப்பல் மீண்டும் கிழக்குக் கரையோரமாக வடக்கு நோக்கித் திரும்பியது. கடல் அடங்கிற்று. குடும்பம் முழுவதும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோம். என் மனைவி பேத்தியை நோக்கி, "அந்த அலை இப்போது வந்தால் இந்தக் கப்பல் என்ன ஆகும்?" என்று கேட்டாள். எந்த அலை என்று எவரும் கேட்கவில்லை. மகன் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்ற முயன்றான். பேத்தியோ, பாடத்தில் படித்ததை ஒப்பிக்கும் ஆர்வத்தோடு விடை சொன்னாள்.

"ஒன்றுமே ஆகாது அப்பாயி. ஆழக்கடலில் ஆழிப்பேரலை உயரமாக இருக்காது. சுமத்திராவுக்கு அருகே நிலநடுக்கம் வந்து இரண்டு மணி நேரம் கழித்து, செயற்கைக்கோள் ஒன்று நடுக்கடலில் அந்த அலையை அளந்தது. உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். ஆனால் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் வரை இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. கப்பல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. கரைக்கு அருகே ஆழம் குறையும்போதுதான் வேகம் குறைந்து உயரம் கூடும். ஆபத்தெல்லாம் கரையில்தான்."

என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அன்றைக்கு அவள் கடலுக்குள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்" என்றாள்.

"நிலநடுக்கம் வந்தது காலை ஆறரை மணி அப்பாயி. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அப்போது எச்சரிக்கை சொல்ல அமைப்பு இல்லை. 2007-ஆம் ஆண்டில்தான் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வைத்தார்கள்" என்றாள் பேத்தி.

"இரண்டு மணி நேரமா?" என்றாள் என் மனைவி. பேத்திக்கு அப்போதுதான் தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது போலும். எழுந்து வந்து பாட்டியின் அருகில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சிறிய பாட்டியைப் பற்றி அவளுக்கு நாங்கள் எவரும் அதுவரையில் ஒன்றும் சொல்லியதில்லை. அன்றிரவு என் மனைவி சொன்னாள். மாமரத்தில் ஏறி விழுந்தது, பாவாடையில் மையைக் கொட்டியது, பள்ளியில் பாட்டுப் போட்டியில் பாதியில் சிரித்துவிட்டது எனப் பல கதைகள். அவற்றுட் பல எனக்கும் புதியவை.

திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. மலைகள் கைகோத்து நின்று நீரைக் காவல் செய்கின்றன. உள்ளே நுழைந்ததும் கடல் ஏரியாகிவிட்டது என்றே தோன்றும். பிரெடரிக் கோட்டையின் வாயில் வழியாக, மான்கள் அச்சமின்றி உலவும் பாதையில் ஏறிக் கோணேசர் கோயிலை அடைந்தோம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பதி இது. அப்பழங்கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தனர். அதன் கற்களுள் பல கடலில் வீழ்ந்தன. 1956-ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் இப்பாறையின் அடியில் நீர்மூழ்கி ஆராய்ந்தபோது அவ்விடிபாடுகளைக் கண்டனர். பாறையின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால் நீலம் கண்ணைக் கூசச் செய்கிறது.

கோயிலுக்குச் செல்லும் வழியில் தாமரை விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, எங்களைப் பார்த்து, "எந்த ஊர் அம்மா நீங்கள்?" என்று வினவினார். "கும்பகோணம்; பிறந்தது நாகப்பட்டினப் பக்கம்" என்றாள் என் மனைவி. "நாகப்பட்டினமா? அங்கேயும் அன்றைக்கு நிறையப் பேரைக் கொண்டுபோயிற்றாமே" என்றார் அவர். இலங்கையில் அன்று முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். இக்கிழக்குக் கரையே மிகுதியாக இழந்தது. "உங்களுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். மூதாட்டி இரண்டு விரல்களைக் காட்டினார். என் மனைவி ஒரு விரலைக் காட்டினாள். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அவள் விலை பேசாமல் பூ வாங்கியதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

கோயிலில் அருச்சகர் பெயரும் விண்மீனும் கேட்டார். என் மனைவி தன் தங்கையின் பெயரைச் சொன்னாள். வாழ்பவர் பெயருக்கே அருச்சனை செய்வது வழக்கம். நான் திருத்தவில்லை.

மாலையில் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. இனிச் சென்னைதான். "நாகப்பட்டினத்திற்கு நேராக எப்போது போவோம்?" என்று என் மனைவி மகனிடம் கேட்டாள். அறையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் கப்பல் செல்லும் இடம் படமாகத் தெரியும். அதைப் பார்த்துக் கணக்கிட்டு, விடியலுக்கு முன் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் என்றான் மகன். கரை நெடுந்தொலைவில் இருக்கும், ஒன்றும் தெரியாது என்றும் சொன்னான். "தெரிய வேண்டாம்" என்றாள் அவள்.

மூன்றரை மணிக்கு நாங்கள் மூவரும் மேல்தளத்தில் நின்றோம். பேத்தியை நான் எழுப்பவில்லை, அவளாகவே வந்துவிட்டாள். தேய்பிறை நிலவு கடலில் ஒரு பாதை போட்டிருந்தது. "எந்தப் பக்கம்?" என்று என் மனைவி கேட்டாள். "சிவப்பு விளக்குப் பக்கம்" என்றாள் பேத்தி. மேற்கே இருள்தான் இருந்தது. என் மனைவி பேத்தியின் தோளைப் பற்றி அவளை அந்த இருளை நோக்கித் திருப்பி நிறுத்தினாள். தங்கையை அவள் சிறு வயதில் அழைக்கும் செல்லப் பெயரால் அழைத்து, "இவள்தான் உன் அக்காள் பேத்தி. ஒன்பதாம் வகுப்புப் போகிறாள். கணக்கில் உன்னைப் போல் இல்லை, நன்றாகப் போடுவாள்" என்றாள்.

கிழக்கு வெளுக்கும் வரையில் நாங்கள் அங்கேயே நின்றோம். பிறகு கீழே சென்று காப்பி குடித்தோம்.

பிற்பகலில் சென்னைத் துறைமுகம் தெரிந்தது. மூட்டைகளைக் கட்டிக்கொண்டு இறங்கும் வரிசையில் நின்றபோது, என் மனைவி மகனைத் தனியே அழைத்தாள். சன்னல் உள்ள அறைக்கு எவ்வளவு கூடுதல் என்று அவள் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.